ஓர் இயற்பியலாளரின் முப்பது ஆண்டுகள்

மேலகரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் அந்த மலையின் மேற்பாதி மேகத்துக்குள் மறைந்திருக்கும். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்துபோகும். செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் ரயில், பகவதிபுரத்தைத் தாண்டியதும் அந்த மலைக்குள் நுழைந்து கேரளத்தில் வெளிவரும். 1904-ஆம் ஆண்டு பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. மலையைக் குடைவது என்பது இந்தப் பகுதி மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. நூறாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அந்தக் குகையின் வழியாகவே கொல்லத்துக்குப் போய்வருகிறார்கள்.

இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், இங்கிருந்து வடக்கே, தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் இன்னொரு சுரங்கம் குடையப்பட இருந்தது. சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தின் முடிவில், 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாறைக்கூடம். அதற்குள் 50,000 டன் இரும்பாலான ஓர் உணர்கருவி. இந்திய நியூட்ரினோ ஆய்வகம் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தத் திட்டம் கடைசிவரை மலைக்குள் ஓர் அடிகூட நகரவில்லை.

அந்தத் திட்டத்தைப் பற்றித் தமிழகம் நிறையவே பேசியிருக்கிறது. மலை பேசப்பட்டது, தண்ணீர் பேசப்பட்டது, முல்லைப் பெரியாறும் இடுக்கியும் பேசப்பட்டன, புலிகளின் வழித்தடம் பேசப்பட்டது. பேசப்படாமல் போனது ஒன்று உண்டு. அந்தச் சுரங்கத்தை நம்பித் தங்கள் பணிக்காலத்தையே ஒப்படைத்த மனிதர்களின் கதை அது. ஒரு துகள் இயற்பியல் பேராசிரியரின் வாழ்க்கை எப்படி அமைகிறது, அதை ஒரு நாடு எப்படிச் செலவிடுகிறது என்ற கேள்வி இப்போது எழக் காரணம் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், நிலத்துக்கு 700 மீட்டர் அடியில் அமைந்த ஜூனோ என்ற நியூட்ரினோ உணர்கருவி தரவுகளைப் பதிவுசெய்யத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில், வெறும் 59 நாள் தரவுகளைக் கொண்டு, நியூட்ரினோக்களின் இரண்டு அடிப்படை அளவுகளை அதுவரை உலகம் அறிந்திருந்ததைவிடத் துல்லியமாக அளந்து வெளியிட்டது. மூவகை நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்ற பெரிய கேள்விக்கு விடை காண்பது அதன் முதன்மை இலக்கு. பொட்டிபுரத்தில் அமைய இருந்த கருவியின் முதன்மை இலக்கும் அதுவேதான்.

ஜூனோவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2015 ஜனவரியில். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும் அதே 2015 ஜனவரியில்தான். ஒரே மாதத்தில் புறப்பட்ட இரண்டில் ஒன்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றொன்று நிலையத்தை விட்டே நகரவில்லை.

மேசையும் மலையும்

இயற்பியலாளர் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் கோட்பாட்டாளருடையது. சந்திரசேகர் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போதே விண்மீன்களின் நிறைக்கு எல்லை கணக்கிட்டார் என்று படித்திருக்கிறோம். கோட்பாட்டாளருக்குத் தாளும் பேனாவும் போதும். அவரது ஆய்வகம் அவருடனேயே பயணிக்கும். செய்முறை இயற்பியலிலும்கூட சி.வி.ராமன் போன்றவர்கள் ஒரு மேசையின் மீது வைக்கத்தக்க கருவிகளைக் கொண்டு உலகப் புகழ் பெற்ற காலம் ஒன்று இருந்தது.

துகள் இயற்பியலில் செய்முறை ஆய்வு செய்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குத் தேவை ஒரு முடுக்கி, அல்லது ஒரு மலை. அவற்றை அவர் தனியாக உருவாக்க முடியாது. முனைவர் பட்டம் பெறும்போது அவருக்கு முப்பது வயதை நெருங்கிவிடும். அதன்பின் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தரப் பணி கிடைக்கும்போது முப்பதுகளின் நடுப்பகுதி. அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் ஓய்வு. ஆகக் கையில் இருப்பது முப்பது ஆண்டுகள். ஒரு பெரிய உணர்கருவியைத் திட்டமிட்டு, கட்டி, இயக்கி, முடிவு காண்பதற்குச் சில வேளைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகும். அதாவது, ஒரு மனிதருக்கு ஒன்று அல்லது இரண்டு சோதனைகளே வாய்க்கும். தவறான இடத்தில் காத்திருந்துவிட்டால் மூன்றாவது வாய்ப்பு இல்லை.

அந்த ஆண்டுகளில் அவர் அன்றாடம் செய்வது என்ன என்பதும் வெளியில் தெரிவதில்லை. பேரண்டத்தின் புதிர்களைப் பற்றிச் சிந்திக்கும் நேரம் குறைவு. கண்ணாடித் தகடுகளை ஒட்டுவது, வாயு கசியும் இடத்தைத் தேடுவது, ஆயிரக்கணக்கான மின்கம்பிகளில் எது தவறான சைகை தருகிறது என்று கண்டுபிடிப்பது, தொழிற்சாலைக்காரரோடு விலை பேசுவது, அரசுக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிப்பது ஆகியவையே பெரும்பகுதி. எல்லாம் கூடி வந்து முடிவு வெளியானால், ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் ஒன்றாக இருக்கும். 2015-இல் ஹிக்ஸ் போசானின் நிறை குறித்து செர்ன் ஆய்வகத்தின் இரு குழுக்கள் இணைந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கங்கள் பெயர்ப் பட்டியலுக்கே போயின.

இவ்வளவுக்கும் ஒருவர் இந்தப் பணியைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், இயற்கை நேரடியாகச் சொல்லும் ஒரு பதிலைத் தன் காலத்திலேயே கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

கோலாரில் தொடங்கிய வழி

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதன்று. ஹோமி பாபா 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது, விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை ஆராய்வது அதன் முதல் பணிகளில் ஒன்று. நிலத்தின் ஆழத்தில் அந்தக் கதிர்கள் எவ்வளவு குறைகின்றன என்று அளக்க, பி.வி.ஸ்ரீகண்டன் என்ற இளம் ஆய்வாளர் 1950-களின் தொடக்கத்தில் கோலார் தங்கவயலின் சுரங்கத்துக்குள் இறங்கினார். அவர் பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் இயக்குநரானார். தமிழகத்திலிருந்து சென்ற பல்லாயிரம் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. தங்கத்துக்காக அவர்கள் தோண்டிய ஆழத்தை அறிவியல் பயன்படுத்திக்கொண்டது.

ஆழம் ஏன் தேவை என்பதை இங்கே சொல்லிவிடலாம். நம் உள்ளங்கையை வானத்துக்கு நேராக நீட்டினால், காஸ்மிக் கதிர்களால் உருவாகும் மியூவான் என்ற துகள் ஏறத்தாழ நொடிக்கு ஒன்று வீதம் அதைத் துளைத்துச் செல்கிறது. நியூட்ரினோவோ எதனோடும் எளிதில் மோதாது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மைக் கடந்து செல்கின்றன. நமக்கு எந்தத் தீங்கும் இல்லை, அவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒரு முணுமுணுப்பைக் கேட்க வேண்டுமானால் இரைச்சலை நிறுத்தியாக வேண்டும். மியூவான்களின் இரைச்சலைத் தடுத்து நிறுத்துவதற்குத்தான் மலையும் சுரங்கமும்.

கோலாரில் மிக ஆழமான இடத்தில் வைத்த கருவியில், இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. மற்றவர்களுக்கு அது தோல்வியாகத் தோன்றியிருக்கும். அந்த ஆய்வாளர்களுக்கோ அது நற்செய்தி. இரைச்சல் முற்றாக அடங்கிய இடம் கிடைத்துவிட்டது. எம்.ஜி.கே.மேனன், ஸ்ரீகண்டன், வி.எஸ்.நரசிம்மம் உள்ளிட்டோர் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தோடும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடும் இணைந்து, 1965-இல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை நிலத்தடியில் கண்டறிந்து அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே தேடலில் இருந்த அமெரிக்கர் ரெய்ன்ஸின் குழுவும் அதே ஆகஸ்ட் மாதத்தில் தன் முடிவை வெளியிட்டது. கோலார்க் குழுவின் கட்டுரை சில நாள்கள் முந்திக்கொண்டது.

பின்னர், புரோட்டான் என்றாவது சிதையுமா என்ற கேள்விக்கு விடை தேடி, 1980-இல் அதே சுரங்கத்தில் 140 டன் எடையுள்ள கருவி இயங்கத் தொடங்கியது. சிதைவாக இருக்கலாம் என்று கோலார்க் குழு சில நிகழ்வுகளை அறிவித்தது. உலகின் பிற பகுதிகளில் அமைந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிவியல் நடக்கும் முறை அது. ஜப்பானின் காமியோகா சுரங்கத்திலும் புரோட்டான் சிதைவைத் தேடித்தான் கருவி அமைத்தார்கள். புரோட்டான் சிதையவில்லை. ஆனால் 1987-இல் ஒரு விண்மீன் வெடித்தபோது அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் அதில் பதிவாயின. அங்கேயே இன்னும் பெரிய கருவியைக் கட்டினார்கள். நியூட்ரினோக்களுக்கு நிறை உண்டு என்பது 1998-இல் அங்கேதான் தெளிவாயிற்று. அந்தச் சுரங்கம் ஜப்பானுக்கு இரண்டு நோபல் பரிசுகளைத் தந்தது.

கோலாரில் நடந்தது வேறு. தங்கம் எடுப்பது கட்டுப்படியாகாமல் போனபோது, 1990-களின் தொடக்கத்தில் ஆய்வும் நிறுத்தப்பட்டது. 2001-இல் சுரங்கமே மூடப்பட்டு, ஆழ்நிலைகளில் தண்ணீர் ஏறியது. உலகில் முதன்முதலாக வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட இடம் இன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. அதைக் காக்கச் சில ஆண்டுகள் செலவிட்டிருந்தால் பொட்டிபுரம் என்ற பெயரே இந்த விவாதத்தில் வந்திருக்காது.

ஒரு பேராசிரியரின் பணிக்காலம்

இந்தக் கோலார்ப் பள்ளியில் உருவானவர் பேராசிரியர் நபா குமார் மண்டல். வங்காளத்தைச் சேர்ந்த அவர், டாடா நிறுவனத்தில் ஆய்வாளராகி, கோலாரின் புரோட்டான் சிதைவுச் சோதனையில் பயின்றார். கோலார் மூடும் நிலைக்கு வந்தபோது இந்தியச் செய்முறை இயற்பியலாளர்களுக்கு இருந்த ஒரே வழி வெளிநாட்டு முடுக்கிகள். சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தின் டி-ஜீரோ சோதனையில் இந்தியக் குழு பங்கேற்றது. அடிப்படைத் துகள்களில் மிகவும் கனமான டாப் குவார்க் கண்டறியப்பட்டதாக 1995 மார்ச் மாதம் அறிவித்த இரு குழுக்களில் அதுவும் ஒன்று. அடுத்து ஜெனீவாவின் செர்ன். அங்குள்ள சி.எம்.எஸ். உணர்கருவியின் ஒரு பகுதியை இந்திய நிறுவனங்கள் செய்து கொடுத்தன. 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் போசான் அறிவிக்கப்பட்டபோது அதில் இந்தியர்களின் உழைப்பும் இருந்தது. மண்டல் இந்த இரு சோதனைகளிலும் பங்கேற்றவர்.

ஒருவருடைய பணிக்காலம் நிறைவடைய இவை போதும். வெளிநாட்டு ஆய்வகத்தின் பட்டியலில் ஒரு பெயராக இருந்து, மாணவர்களை உருவாக்கி, கௌரவத்தோடு ஓய்வுபெற்றிருக்கலாம். ஆனால் கோலாரை அறிந்த தலைமுறைக்கு ஓர் ஏக்கம் இருந்தது. நம் மண்ணில், நம் கருவியில், நம் மாணவர்கள் கையால் தொட்டுச் செய்யும் ஒரு சோதனை மீண்டும் வேண்டும் என்பதே அது. பிறர் கட்டிய கருவியின் தரவுகளைக் கணினியில் அலசும் மாணவருக்குப் பட்டம் கிடைக்கும். ஒரு கருவியைத் தொடக்கம் முதல் கட்டத் தெரிந்த பொறியாளரும் தொழில்நுட்பரும் நாட்டுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

2002-இல் ஏழு நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைத் தொடங்கின. கோட்பாட்டுத் தரப்பில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி.ராஜசேகரன் போன்றோர் துணை நின்றார்கள். மண்டல் திட்டத்தின் முதன்மைப் பொறுப்பை ஏற்றார். முதலில் தேர்ந்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பு நியாயமானது. ஆனால் அதற்குள் ஏழு ஆண்டுகள் போயிருந்தன.

அடுத்து வந்ததே பொட்டிபுரம். ஊர்மக்கள் அம்பரப்பர் மலை என்று அழைக்கும் குன்றின் அடிவாரம். 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி. 2015-இல் அமைச்சரவை ஒப்புதல். அதே ஆண்டில் வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2011-ஆம் ஆண்டின் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டு, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 பிப்ரவரியில், இந்தத் திட்டத்தை விரும்பவில்லை என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

2002-க்கும் 2022-க்கும் இடையே இருபது ஆண்டுகள். ஓர் ஆய்வாளரின் முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. திட்டத்தைத் தொடங்கியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். பேராசிரியர் மண்டலும் டாடா நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்று, கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்துக்குச் சென்றார்.

மூத்தவர்களுக்காவது முந்தைய சாதனைகள் கைவசம் உண்டு. இதைவிட வருந்தத்தக்கது இளையோரின் நிலை. நியூட்ரினோ ஆய்வகத்துக்காகவே 2008-இல் ஒரு முனைவர் பட்டப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. கட்டப்படாத கருவியை மனத்தில் வைத்துக் கணினியில் மாதிரி செய்து பட்டம் பெற்றவர்கள் அதில் உண்டு. அவர்களில் பலர் இன்று வெளிநாட்டுச் சோதனைகளில் பணிபுரிகிறார்கள். மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறு மாதிரிக் கருவி மட்டும் அமைக்கப்பட்டு, காஸ்மிக் மியூவான்களைப் பதிவுசெய்தது. திட்டமிட்ட கருவியில் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்கு அது.

ஊர் கேட்ட கேள்விகள்

இதற்கெல்லாம் போராடியவர்களே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது நேர்மையாகாது.

எழுந்த அச்சங்களில் சில ஆதாரமற்றவை. இயற்கை நியூட்ரினோக்களால் கதிர்வீச்சு ஆபத்து இல்லை. அந்தக் கருவி அணு உலையும் அல்ல, அணுக்கழிவுக் கிடங்கும் அல்ல. அது காந்தமூட்டிய இரும்புத் தகடுகளும் அவற்றின் இடையே கண்ணாடி அறைகளும் கொண்ட அடுக்கு. நியூட்ரினோ இரும்பில் மோதினால் பிறக்கும் மியூவான், காந்தப் புலத்தில் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று பிரித்தறியலாம். ஜூனோவால் செய்ய இயலாத, இந்தக் கருவிக்கே உரிய சிறப்பு அது.

ஆனால் வேறு சில கேள்விகள் முற்றிலும் நியாயமானவை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த அமைப்புக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லை என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பாய உத்தரவின் முக்கியக் காரணம். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அந்த இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது என்பதும் அந்த வழக்கில்தான் உரிய கவனம் பெற்றது. 2018-இல் அனுமதி வழங்கியபோது, மலைக்குள் 2 கிலோமீட்டர் குடையும் பணியைக் கட்டடக் கட்டுமானம் என்ற பிரிவில் சேர்த்தார்கள்; அந்தப் பிரிவில் மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. வெடிவைத்து எடுக்கப்படும் பல லட்சம் டன் பாறை எங்கே போகும் என்று கேட்ட விவசாயிக்கு, நியூட்ரினோ தீங்கற்றது என்ற பதில் பதிலே ஆகாது. கண்ணாடி அறைகளில் நிரப்பப்படும் வாயு, குளிர்சாதனங்களில் பயன்படுவது. புவி வெப்பமாதலுக்குக் காரணமாகும் வகையைச் சேர்ந்தது. அதைக் கசியாமல் சுழற்சி முறையில் பயன்படுத்தும் வழிகள் உண்டு. கேட்கப்படும் முன்பே ஊரில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

தென்காசி மாவட்டத்தில் வாழ்வோருக்கு இந்த ஐயத்தின் வேர் நன்றாகவே புரியும். இங்கிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிகளை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மலையடிவாரத்து மக்களிடம் கேட்காமலே மலை கரைவதைக் கண்டவர்கள், அறிவியலின் பெயரால் இன்னொருவர் வெடிமருந்தோடு வந்தால் அவரையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். அந்த வேறுபாட்டை நிறுவ வேண்டிய கடமை வருபவருடையது. அதே வேளையில், ஒரே ஒரு ஆய்வகத்துக்கு எதிராக எழுந்த அளவுக்கு எச்சரிக்கை, நாள்தோறும் வெடிக்கும் கல்குவாரிகளுக்கு எதிராக அரசுகளிடம் எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மக்களின் அச்சம் வீணானதன்று என்பதற்கு இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் சான்று. 1,400 மீட்டர் பாறைக்கு அடியில், ஒரு தேசியப் பூங்காவின் கீழே, சுற்றுப்புற ஊர்களின் குடிநீருக்கு மூலமான நிலத்தடி நீரை ஒட்டி அமைந்த உலகப் புகழ்பெற்ற ஆய்வகம் அது. 2002-இல் ஒரு நியூட்ரினோ சோதனையிலிருந்து வேதித்திரவம் சுமார் 50 லிட்டர் கசிந்து நீரோடையில் கலந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், நீதிமன்றம் சோதனைக்கூடத்துக்கு முத்திரையிட்டது. வடிகால்களும் தரைகளும் பெரும் செலவில் சீரமைக்கப்பட்ட பின்னரே பணி தொடர்ந்தது. அதே சோதனை பின்னாளில் சூரியனின் நியூட்ரினோக்களை வியக்கத்தக்க துல்லியத்தோடு அளந்தது. மக்களின் கோபம் அறிவியலைக் கொல்லவில்லை, திருத்தியது. திருத்திக்கொள்ள ஓர் அமைப்பும் ஒரு காலவரம்பும் அங்கே இருந்தன.

'இல்லை' என்பதையும் விரைவாகச் சொல்லலாம்

நம்மிடம் இல்லாதது அந்தக் காலவரம்புதான். பொட்டிபுரம் வேண்டாம் என்று ஒரு மாநில அரசு முடிவெடுப்பதில் தவறில்லை. மேகமலைப் பகுதி 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பின்னர், அந்த முடிவுக்கு வலுவான காரணமும் இருந்தது. குறை என்னவென்றால், இல்லை என்று சொல்ல இருபது ஆண்டுகள் ஆனதுதான். ஒரு துறை அனுமதி கொடுக்க, இன்னொரு அமைப்பு நிறுத்த, அதே துறை மீண்டும் கொடுக்க, ஆட்சி மாறும்போது நிலைப்பாடும் மாற, ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கரைந்தன. கோப்புக்கு வயது ஆவதில்லை. அதற்காகக் காத்திருக்கும் ஆய்வாளருக்கு ஆகிறது. ஊர்மக்களும் அந்த இருபது ஆண்டுகளை நிம்மதியாகக் கழிக்கவில்லை. நாளை என்ன நடக்கும் என்று தெரியாமலே வாழ்ந்தார்கள்.

ஜூனோவும் குறித்த காலத்தில் முடியவில்லை. 2020-இல் தொடங்க வேண்டியது ஐந்தாண்டு தாமதமாகவே இயங்கியது. சீனத்தில் ஊர்மக்களின் எதிர்ப்புக்கு நம் நாட்டில் இருப்பது போன்ற இடமில்லை என்பதும் உண்மை. அந்த வேகத்தைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானும் இத்தாலியும் மக்களாட்சி நாடுகள். அங்கே மலையடிவாரத்து மக்களுக்கு ஆய்வகம் அயலானது அல்ல. காமியோகாவில், சாலையோர இளைப்பாறும் நிலையத்திலேயே நியூட்ரினோ ஆய்வை விளக்கும் காட்சிக்கூடம் அமைத்திருக்கிறார்கள். வழியில் தேநீர் குடிக்க நிற்பவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. உதகையில் டாடா நிறுவனம் ஜப்பானியரோடு சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 சோதனை, மலையைக் குடையாமல் மலைமீதே அமர்ந்து பல ஆண்டுகளாகக் காஸ்மிக் கதிர்களைப் பதிவுசெய்துவருகிறது. 2014 டிசம்பரில் கடந்துபோன ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான்களைக் கொண்டு அளந்து, 2019-இல் அந்தக் குழு வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. உள்நாட்டில் கருவி கட்டினால் எதிர்பாராத விடைகளும் கிடைக்கும் என்பதற்கு இது போதுமான சான்று.

இனிச் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பொட்டிபுரம் இல்லையென்றால் இல்லை என்று மத்திய அரசும் மாநில அரசும் ஒரே குரலில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வேறு இடம் உண்டா, உலகம் முன்னேறிவிட்ட நிலையில் அந்தக் கருவிக்கு இன்னும் தேவை உண்டா என்பதை அறிவியலாளர்கள் மறுபரிசீலனை செய்து, ஒரு தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டாவது, இனி எந்தப் பெரிய ஆய்வகமானாலும் சுற்றுச்சூழல் அறிக்கை முதலில், அங்கீகாரம் பெற்ற சுதந்திரமான அமைப்பால், ஊர்மக்களின் மொழியில் வரவேண்டும்; கிராமசபையில் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பின்பே டெல்லிக்குக் கோப்பு போகவேண்டும். அதற்கு ஓராண்டு கூடுதலாகச் செலவானாலும் இருபது ஆண்டுகள் மிச்சமாகும்.

மூன்றாவது, இளையோரைப் பற்றியது. கட்டப்படுமா என்று தெரியாத ஒரு கருவியின்மீது ஒரு மாணவரின் முழு எதிர்காலத்தையும் கட்டக் கூடாது. மதுரையின் சிறு கருவியில் பெற்ற திறன்களை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் கொண்டுவர வேண்டும். மியூவான் மேலகரத்திலும் விழுகிறது, மும்பையிலும் விழுகிறது. அதைப் பதிவுசெய்யும் ஒரு சிறு உணர்கருவியை இயற்பியல் துறையுள்ள எந்தக் கல்லூரியிலும் மாணவர்களே கட்டலாம். கருவியைக் கையால் கட்டிப் பழகியவர் மருத்துவத் துறைக்கும் மின்னணுத் துறைக்கும் பயன்படுவார். மலை கிடைக்காவிட்டாலும் அவர் வாழ்வு வீணாகாது.

குற்றாலத்திலும் தென்காசியிலும் நெல்லையிலும் இயற்பியல் பட்டம் படிக்கும் பிள்ளைகளில் யாரேனும் ஒருவர், இந்தத் துறைக்குப் போகலாமா என்று தன் ஆசிரியரிடம் கேட்கக்கூடும். போகலாம், கடினமான பணி, ஆனால் உன் முப்பது ஆண்டுகளுக்கு இந்த நாடு மதிப்புக் கொடுக்கும் என்று அந்த ஆசிரியர் தயங்காமல் சொல்லக்கூடிய நிலை இன்று இல்லை. பகவதிபுரம் குகைக்குள் நுழையும் ரயில் எப்போது வெளியே வரும் என்பது அதில் அமர்ந்திருப்பவருக்குத் தெரியும். ஒரு நாடு தன் ஆய்வாளர்களை ஏற்றிச் செல்லும் பாதையிலும் அந்த அளவுக்காவது நிச்சயம் இருக்க வேண்டும். மலையைக் காப்பதும் மனிதரின் காலத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல; இரண்டுமே திரும்பக் கிடைக்காதவை.